அடையாள அட்டைப் பிரதியும் நமது கடை லாச்சியும்

தவணை முறையில் மின்விசிறி கொடுத்தாலும், கடனுக்குத் துணி கொடுத்தாலும், புதிதாக ஒருவரை வேலைக்குச் சேர்த்தாலும் நமது கடைகளில் முதலில் கேட்கப்படுவது "ஐ.டி. கொப்பி ஒன்று தாங்க" என்பதுதான். கல்முனை பஸாரில் நெடுங்காலம் வியாபாரம் செய்யும் ஒருவரின் லாச்சிக்குள் எத்தனை பேருடைய பிரதிகள் கிடக்கின்றன என்பதை அவரே எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். கடன் தீர்ந்த பின்னரும் அவை அங்கேயேதான் கிடக்கும்.

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டத்தின் கீழ், 1972 இல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படத் தொடங்கியது. அதிலுள்ள இலக்கம் குருட்டாம்போக்கில் போடப்பட்டதல்ல. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் பிறந்த நாள் எத்தனையாவது என்பதைக் காட்டும். பெண்களானால் அதனுடன் 500 கூட்டப்படும். 75032 என ஆரம்பித்தால் 1975 பெப்ரவரி 1 இல் பிறந்த ஆண். 75532 என்றால் அதே நாளில் பிறந்த பெண். 2016 முதல் 12 இலக்கங்கள் வந்தன. ஆயினும் பழையதன் முன்னால் 19 ஐயும் நடுவில் ஒரு பூச்சியத்தையும் சேர்த்து, கடைசி எழுத்தை நீக்கினால் புதியது கிடைத்துவிடும். ஒன்றை அறிந்தவனுக்கு மற்றதும் தெரியும்.

முன்னர் தனி உரிமையாளர்களாக வரிக்குப் பதிந்த பலருக்கு இந்த 9 இலக்கங்களே வரி இலக்கமாகவும் அமைந்தன. பெறுமதி சேர் வரிப் பற்றுச்சீட்டில் அதை அச்சிட்டே ஆகவேண்டும். அத்தகைய முதலாளி ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் தன் பிறந்த திகதியை ஊருக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறார்! காசோலையைப் பணமாக்கும்போதும் அதன் பின்புறத்தில் அடையாள அட்டை இலக்கத்தை எழுதுகிறோம்.

ஆகவே இலக்கத்தை மட்டும் மறைத்துப் பயனில்லை. இலக்கத்துடன் பெயர், விலாசம், புகைப்படம், கையொப்பம் யாவும் ஒரே தாளில் சேரும்போதுதான் விபரீதம் ஆரம்பிக்கிறது. அந்தத் தாள் தவறான கைக்குப் போனால், உங்கள் பெயரில் சிம் அட்டை எடுக்க முயலலாம். நீங்கள் அறியாத கடனுக்கு உங்களைப் பிணையாளியாகக் காட்ட முயலலாம். அந்த சிம்மிலிருந்து யாரையாவது ஏமாற்றினால் பொலிஸார் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

அரசாங்கப் பதிவேட்டில் இருப்பதால் பாதுகாப்பாக இருக்கும் என்றும் நினைத்துவிடக்கூடாது. இந்தியாவில் ஆதார் இலக்கங்களை ஏறத்தாழ 210 அரச இணையத்தளங்கள் பகிரங்கமாக வெளியிட்டிருந்ததை 2017 இல் ஆதார் அதிகாரசபையே ஒப்புக்கொண்டது. 2018 ஜனவரியில் வெறும் 500 ரூபாவுக்கு ஆதார் விபரங்களைப் பார்க்க முடிந்ததாக 'த டிரிபியூன்' பத்திரிகை அம்பலப்படுத்தியது. பின்னர் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் வகையில் ஆதாரைப் பெறும் வசதி அங்கு வந்தது.

நமது பகுதியில் அட்டையை நீட்டும் பழக்கம் ஆழமாக ஊறிப்போனதற்குக் காரணங்கள் உண்டு. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் அதைக் காட்டாமல் நகர முடியாது. 2004 சுனாமியில் வீட்டோடு ஆவணங்களையும் இழந்தவர்கள் நிவாரணத்திற்காகப் பிரதிகளோடு காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்கினார்கள். 2022 இல் எரிபொருள் கியூ.ஆர். பெறவும் இதே இலக்கம்தான். கேட்டவர் எவராயினும் கொடுத்துவிடுவோம். ஏன் என்று திருப்பிக் கேட்பதில்லை.

இன்று பிரதி எடுக்கும் கடையின் வட்ஸ்அப்பிற்கு அட்டையின் படத்தை அனுப்பி அச்செடுப்பது வழமையாகிவிட்டது. அச்செடுத்ததும் அந்தப் படத்தை அழிக்கச் சொல்பவர் எத்தனை பேர்? பழைய காரியாலயக் கடதாசிகளில் செய்த பைகளில் வடையும் ரோல்ஸும் வாங்கிய அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. கடையைத் துப்புரவு செய்யும்போது பிரதிகளைப் பழைய கடதாசியோடு நிறுத்து விற்பவர் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் வர்த்தகத்தையும் உள்ளடக்குகிறது. எடுத்த நோக்கத்திற்கு மட்டும் விபரங்களைப் பயன்படுத்த வேண்டும்; தேவை முடிந்த பின் வைத்திருக்கக்கூடாது. ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் இடமுண்டு. 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகள் பிற்போடப்பட்டன. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறர் நம்பித் தந்த பொருள் அமானிதம் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லையே.

பிரதி கொடுக்கும்போது அதன் குறுக்கே, எழுத்துக்கள் அட்டையின் படத்தின் மேல் விழும்படி, எதற்காக, யாருக்கு, எந்தத் திகதியில் என்று பேனையால் எழுதிக் கொடுங்கள். கடன் தீர்ந்த வாடிக்கையாளருக்கு அவரது பிரதியைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அவர் முன்னாலேயே கிழித்துவிடுங்கள். வாடிக்கையாளரைத் தெரிந்திருந்தால் கொப்பியே தேவையில்லை. கடன் கொப்பியில் கடைசி நான்கு இலக்கங்கள் போதும்.

அட்டை தொலைந்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும். கிராம சேவகர் ஊடாகப் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கவும் அது தேவைப்படும்; பின்னர் உங்கள் பெயரில் ஏதாவது நடந்தால், அட்டை எப்போது கைவிட்டுப் போனது என்பதற்குச் சாட்சியும் அதுதான். தம் பெயரில் என்ன கடன், என்ன பிணை பதிவாகியிருக்கிறது என அறிய விரும்புவோர், 1990 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாக்கப்பட்ட கடன் தகவல் பணியகமான 'கிரிப்' இடமிருந்து தமது அறிக்கையைப் பெறலாம். வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்து, மனேஜர் அதைக் காட்டிக் கேள்வி கேட்கும் வரை இருக்க வேண்டாம்.