மாசியில் எழுத வேண்டிய கணக்கு

முன்பனி விலகி வெயில் மெல்லத் தலைகாட்டும் மாசித் திங்கள், சிறு குடித்தனக்காரருக்கு மனநிறைவு தரும் காலமாகும். கொங்குப் பகுதியின் மானாவாரி நிலங்களில் சோளத்தட்டு அறுத்துப் போரிட்டாகிவிட்டது. புங்கமரம் பழுத்த இலைகளை உதிர்த்துப் புதுத் தளிர் விடுகின்றது. கிணற்றில் ஓரளவு தண்ணீர் நிற்கின்றது. தறிக்குழியில் அமர்ந்திருப்பவரும், தோட்டத்தில் மண்வெட்டி பிடித்திருப்பவரும் ‘இவ்வாண்டு குறையொன்றுமில்லை’ எனக் கருதுவதில் வியப்பில்லை. ஆயினும், ஒரு வீட்டு மாடு ஆடி மாதத்தில் தொழுவத்தில் நிற்குமா, சந்தைக்குப் போய்விடுமா என்பது சித்திரை வெயிலில் முடிவாவதன்று, மாசியிலேயே முடிவாகிவிடுகின்றது. இதனை நான் ஒரு பேரேட்டிலிருந்து கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்தபோது, அங்கத்தினர் ஒருவரின் கறவை மாட்டுக் கடன் தவணை தவறி நிற்பதைக் கண்டேன். அவர் நெசவாளர், ஒழுங்காகத் தவணை செலுத்தி வந்தவர். வீட்டிற்குச் சென்று பார்த்தால் தொழுவம் காலியாக இருந்தது. ஆடியில் கன்று ஈன வேண்டிய சினைமாட்டை வைகாசியில் விற்றுவிட்டனர். விற்ற தொகை கடன் பாக்கிக்கும் போதவில்லை. மாடு போயிற்று, கடன் நின்றது. “இன்னும் ரெண்டு மாசத்துக்குத் தட்டு இருந்திருந்தா வித்திருக்க மாட்டோமுங்க” என்றார் அவர் மனைவியார்.

அலுவலகம் திரும்பியதும் கடன் மனுவை எடுத்துப் பார்த்தேன். மாட்டின் வயது, ஈற்று, பாலின் அளவு, விலை, ஜாமீன்தாரர் பெயர் யாவும் அதிலிருந்தன. தீவனம் எவ்வளவு இருக்கின்றது என்ற வினா மட்டும் இல்லை. அம்மனுவைப் பரிசீலித்துக் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன். அன்றுமுதல், மாசி மாதத்தில் எந்த ஊருக்குச் சென்றாலும் அங்கத்தினர்களிடம் முதலில் தட்டுப் போரைப் பற்றியே கேட்கிறேன்.

தீவனக் கணக்கு

ஒரு மாட்டிற்கு நாள்தோறும் அதன் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு வரை உலர்ந்த நிலையிலான தீவனம் தேவை. 300 கிலோ எடையுள்ள பசுவிற்கு இது ஏழரை கிலோவுக்குக் குறையாது. மேய்ச்சல், அகத்தி, பிண்ணாக்கு ஆகியவற்றால் ஒன்றரை கிலோ ஈடாகுமெனக் கொண்டால், தட்டு மட்டும் நாளொன்றுக்கு 6 கிலோ வேண்டும். மாசி முதல் ஆனி முடிய ஐந்து மாதங்கள், அதாவது 150 நாட்கள். ஆகவே தேவை 900 கிலோ. கரையானுக்கும், கோடை மழையின் ஈரத்திற்கும், மாடு காலில் மிதித்துக் கழிப்பதற்கும் பத்தில் ஒரு பங்கு போகும். எனவே ஒரு பசுவிற்குப் போரில் ஒரு டன் இருந்தாக வேண்டும்.

போரில் உள்ளதை அறிவது எங்ஙனம்? ஐந்து கட்டுகளை நிறுத்துச் சராசரி எடை காண்க. கட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்குக. கட்டு ஒன்று 8 கிலோ வீதம் 80 கட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 640 கிலோ. கழிவு போக 576 கிலோ. இது 96 நாட்களுக்கு வரும். மாசி முதல் நாளிலிருந்து எண்ணினால் வைகாசி முதல் வாரத்தில் போர் தீர்ந்துவிடும். கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும் அப்போர் உண்மையில் 54 நாட்களுக்குக் குறைவுடையது. அக்குறையை நிரப்ப இன்னும் 45 கட்டுகள் வேண்டும். அந்த நெசவாளர் வீட்டில் நேர்ந்ததும் இதுவே. அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். போரைப் பார்த்தார்கள், எண்ணவில்லை.

குறை தெரிந்தபின் வழி மூன்று. முதலாவது, அறுவடை முடிந்த இப்போதே அண்டைத் தோட்டத்தில் வாங்குதல். வைகாசியில் தட்டு வெளியூரிலிருந்து லாரியில் வரும். விலையோடு வண்டி வாடகையும் ஏறும். இரண்டாவது, தட்டை முழுதாகப் போடாமல் நறுக்கிப் போடுதல். அடித்தண்டை மாடு ஒதுக்குவது இதனால் பெரிதும் குறையும். மூன்றாவது, பால் வற்றிய கிழமாட்டையோ மிகுதியான கிடாக்களையோ விற்க வேண்டியிருப்பின், உடல் தேறியிருக்கும் மாசியிலேயே விற்றுவிடுதல். எலும்பு தெரியும் வைகாசியில் சந்தைக்கு ஓட்டிச் சென்றால் விலை சொல்பவர் வாங்குபவரே.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கோடை மழை பெய்ததும் அறுத்த சோளக்கட்டையிலிருந்து பசுந்தளிர் கிளைக்கும். உலர்தீவனம் தீர்ந்த வீட்டு மாடு அதனைக் கண்டால் பாய்ந்து மேயும். இளஞ்சோளத்திலும், வறட்சியில் வாடிய சோளப் பயிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் நஞ்சு உண்டு. சிறிது நேரத்திலேயே மாடு மூச்சுத் திணறி விழுந்து இறக்கக்கூடும். பூத்த பின்னரே பசுஞ்சோளத்தைத் தீவனமாக்க வேண்டும். தட்டுக் குறைவு என்பது பட்டினியை மட்டுமன்றி இத்தகைய விபத்தையும் உடன் அழைத்து வருகின்றது.

தண்ணீரும் தோட்டமும்

கோடையில் ஒரு பசு நாளொன்றுக்கு 50 லிட்டர் அளவிற்குத் தண்ணீர் குடிக்கும். கறவையாயின் இன்னும் கூடும். ஆதலால் கிணற்று நீரில் முதற்பங்கு தொட்டிக்கே உரியது. வீட்டுத் தோட்டத்திற்கு அரிசி கழுவிய நீரையும், பாத்திரமும் கைகாலும் கழுவிய நீரையும் நம்பித் திட்டமிடுவதே அறிவுடைமை.

வேனிலில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாள்தோறும் ஐந்து லிட்டர் வேண்டுமெனக் கொள்ளலாம். வீட்டில் 60 லிட்டர் கழிநீர் சேருமாயின் 12 சதுர மீட்டருக்கு மேல் பாத்தி கட்டுதல் வீண். மாசியில் ஆசையால் பெரிய பாத்தி கட்டிப் பங்குனியில் பாதியைக் காயவிடுவதைக் காட்டிலும், சிறு பாத்தியை இறுதிவரை காப்பதே ஆதாயம். முளைக்கீரை 25 நாட்களில் பறிப்புக்கு வரும். வெண்டை 45 நாட்களில் காய்க்கத் தொடங்கும். கொத்தவரை வெயிலைத் தாங்கும். சோப்பு கலந்த நீரைக் கீரைக்கு விடாமல் வாழை, அகத்தி ஆகியவற்றின் பக்கம் திருப்புக. பாத்திக்கு மூடாக்காக உதிர்ந்த புங்க இலையைப் போடலாம். மாடு தின்னும் தட்டைப் போடலாகாது.

கோழிகள்

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் கூறும் இராணிக்கெட் நோய் ஒரு வீட்டில் நுழைந்தால், சில நாட்களில் கூடையே காலியாகிவிடும். இந்நோய் வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றே காப்பு. எட்டு வாரத்திற்கு மேற்பட்ட கோழிகளுக்கு இறக்கையின் அடியில் இவ்வூசி போடப்படுகின்றது. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறையினர் பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், அதாவது இதே மாசிப் பருவத்தை ஒட்டி, இதற்கென முகாம்கள் நடத்துகின்றனர். ஊசி போட்ட அன்றே காப்பு கிடைத்துவிடுவதில்லை. உடலில் எதிர்ப்பாற்றல் உண்டாக இரண்டு வாரமளவில் ஆகும். பக்கத்து வீட்டில் கோழி செத்தபின் ஓடுவது காலங்கடந்த செயல். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே அடைத்து வைத்தபின்னரே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

அடைவைப்பதாயினும் இதுவே தக்க தருணம். 21 நாட்களில் குஞ்சு வெளிவந்து, கத்திரி வெயிலுக்குமுன் சற்றே வளர்ந்துவிடும். சித்திரையில் சேர்க்கும் முட்டைகள் வெப்பத்தினால் கூழாகிப் போவதை வீட்டுப் பெண்மணிகள் நன்கறிவர்.

சங்கம் செய்யத்தக்கது

குறையைத் தனியொருவர் நிரப்புவது கடினம். பத்துப்பேர் கூடினால் எளிது. மேற்கூறிய கணக்குப்படி வீட்டிற்கு 360 கிலோ குறையுமாயின், பத்து வீடுகளுக்கு 3,600 கிலோ. அதாவது ஒரே லாரிக்குரிய சரக்கு. சங்கத்தின் பெயரால் ஒன்றாக வாங்கினால் விலையும் வாடகையும் குறையும்.

கடன் தேவைப்படுவோரும் இப்போதே மனுச் செய்ய வேண்டும். முன்பு பயிருக்கென இருந்த கிசான் கடன் அட்டை வசதி, 2018–19ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டவாறு கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. தீவனம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு அதன்கீழ்க் கடன் பெறலாம். சித்திரையில் மனுக் கொடுத்து வைகாசியில் கைக்கு வரும் பணம், ஏறிய விலைக்கே செலவாகும். நிர்வாகக் குழுவினரும் மாட்டுக்கடன் மனுவில் ‘போரில் உள்ள தட்டு எத்தனை கட்டு? எந்த நாள்வரை வரும்?’ என்னும் இரு வினாக்களைச் சேர்த்துக்கொண்டால், கடனும் காக்கப்படும், மாடும் காக்கப்படும்.

அந்த நெசவாளர் மீதிக் கடனை நெசவுக் கூலியிலிருந்தே சிறுகச் சிறுக அடைத்து, பின்னர் மற்றொரு கிடாரி வாங்கினார். அடுத்த மாசியில் நான் சென்றபோது தொழுவத்துச் சுவரில் கரித்துண்டால் ஒரு வரிசை எண்கள் எழுதப்பட்டிருந்தன. கட்டுகளின் எண்ணிக்கை, நாட்களின் எண்ணிக்கை, தட்டு முடியும் தேதி. பேரேட்டில் நான் கண்ட எந்தப் பதிவினும் அது செம்மையான பதிவு. அங்கத்தினர் ஒவ்வொருவர் தொழுவத்துச் சுவரிலும் இம்மாதமே அத்தகைய மூன்று எண்கள் ஏற வேண்டுமென்பதே என் வேண்டுகோள்.