96 ஆடு, ஒரு விளக்கு: பெரிய கோயிலின் நன்கொடைப் பிரிவுக்குள்ளே!

அண்ணாந்து பார்க்காதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருகிற எல்லோரும் விமானத்தைப் பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நாம் குனிவோம். அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக ஓடுகிறதே எழுத்து, அதுதான் இன்றைக்கு நமக்குக் கதவு. அதற்குப் பின்னால் இருப்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நன்கொடை அலுவலகம். கொடுப்பவர்களும் சரி, கொடை கேட்டுப் படியேறி இறங்குபவர்களும் சரி, இதைப் பார்த்தால் குதூகலிக்காமல் இருக்க முடியாது!

முதலில் உத்தரவு பிறந்த இடம். ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டு, 20-ஆம் நாள். அரசர் இருப்பது கொலுமண்டபத்தில் இல்லை, அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில். ஆமாம், நீராடும் மண்டபத்தில்! அங்கே தானம் செய்துகொண்டிருந்தவர், தாம் கொடுத்தது, தம் அக்கா கொடுத்தது, தம் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறார். வரிசையைக் கவனித்தீர்களா? அக்கா குந்தவைக்குப் பிறகுதான் மனைவியர். அன்று மாலை அந்தப்புரத்தில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று கேட்க ஆசையாக இருக்கிறது. கல் அதைச் சொல்ல மறுக்கிறது. 'மற்றவர்கள்' என்ற அந்தக் கடைசிச் சொல்லில்தான் நிதி திரட்டும் மூளை வேலை செய்கிறது. அரசர் கொடுத்துக் கட்டிய கோயிலில் அதிகாரிக்கும் கல்லில் இடம் உண்டு என்று அறிவித்தாயிற்று. பிறகு யார் சும்மா இருப்பார்கள்?

அடுத்தது நகை வாங்கும் இடம். இங்கே யாரும் பல்லிளித்து, "ரொம்பப் பெரிய மனசுங்க" என்று சொல்லி வாங்கிப் பெட்டியில் போடுவதில்லை. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று பெயர் வைத்த எடைக்கல். மணிகளுக்குத் தனியாக 'தட்சிணமேரு விடங்கன்'. இறைவன் பெயரிலேயே எடைக்கல் இருந்தால் யார் பேரம் பேசுவது? முத்து எத்தனை, கோத்த சரடு எவ்வளவு, உள்ளே வைத்த அரக்கு எவ்வளவு, எல்லாம் பதிவாகிறது. வைரத்தில் புள்ளி, கீறல், சிவப்புப் பொட்டு, கறுப்புப் பொட்டு இருந்தால் அதுவும் பதிவு. கொடுத்தவர் பேரரசர், அவர் கொடுத்த கல்லில் குற்றம் இருக்கிறது என்று அவர் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்! இன்றைய ரசீதுப் புத்தகம் எதிலாவது இந்தத் துணிச்சலைக் காட்டுங்கள் பார்ப்போம்.

நிர்வாகியையும் பார்த்துவிடுவோம். ஸ்ரீகாரியம் ஆதித்தன் சூரியன், தென்னவன் மூவேந்தவேளான் என்று பட்டம். கணக்குப் பார்ப்பதோடு நிற்கவில்லை மனிதர். நாயன்மார் செப்புத் திருமேனிகளைத் தானே செய்து வைக்கிறார். அரசருக்கும் அரசி உலோகமாதேவிக்கும்கூடத் திருமேனி வைக்கிறார். கேட்கிறவர் முதலில் தன் மடியை அவிழ்க்க வேண்டும் என்பதை யாரும் அவருக்கு வகுப்பெடுக்கவில்லை.

இப்போது பணப் பக்கம். குந்தவை, மறைந்த தந்தை சுந்தர சோழருக்கும் தாய்க்கும் திருமேனி எழுந்தருளுவித்தார். செய்து வைத்துவிட்டால் போதுமா? நாளைக்குப் படையல் எங்கிருந்து வரும்? அதற்குக் காசை ஊர்ச் சபைகளிடம் கொடுத்து வைக்கிறார். முதலில் கை வைக்கக் கூடாது. வட்டி மட்டும் கோயிலுக்கு. பெரிய கோயில் கல்வெட்டுகளில் இப்படி வைத்த காசுக்கு வட்டி ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். அந்த வட்டியில் என்னென்ன வந்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்: திருமஞ்சன நீரில் போட ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர். பொதுவாக 'பூசைச் செலவு' என்று எழுதி முடித்திருக்கலாம். மணக்க மணக்க எழுதியிருக்கிறார்கள்.

இனி, நான் உங்களை இழுத்து வந்ததே இதற்காகத்தான். ஆடுகள்!

ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டுமானால் நாளுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடு. ஆடு இல்லையென்றால் 48 பசு, அல்லது 16 எருமை. கொடையாளி ஆட்டை ஓட்டி வந்து பிரகாரத்தில் கட்டிவிட்டுப் போவதில்லை. ஆடுகள் இடையரிடம் போகின்றன. அவர் பெயர் கல்லில், அவருக்காகப் புணை நிற்கும் உறவினர் பெயரும் கல்லில். இடையர் நெய் அளந்துவிட வேண்டும், மிச்சம் அவர் பாடு. மந்தை சாகாது, மூப்படையாது என்பது நிபந்தனை: கிழடு கழிந்தால் குட்டி அந்த எண்ணிக்கையை நிரப்பும். இடையர் காலமானால் அவர் வழி வந்தவர் அளப்பார். சந்திர சூரியர் உள்ளவரை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு உழக்கு ஒரு நாழி. 365 நாளுக்கு 91 நாழி ஓர் உழக்கு. ஒரு மந்தைக்கு ஓர் ஆண்டில் இவ்வளவுதான் கடன். பஞ்சம், நோய், ஓநாய் எல்லாம் போகவும் தாங்கட்டும் என்று தாராளமாக வைத்த எண்ணிக்கை போலத்தான் எனக்குப் படுகிறது. அதைவிடப் பெரிய தந்திரம் ஒன்று இருக்கிறது: கடன் காசில் இல்லை, நெய்யில்! காசின் மதிப்பு ஏறட்டும், இறங்கட்டும். உழக்கு உழக்குதான். விலைவாசிக்குப் பயப்படாத அறக்கட்டளையை மேய்ச்சல் நிலத்தில் விட்டு வளர்த்திருக்கிறார்கள்.

பக்கத்து ஊர்க் கோயில் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள், வித்தியாசம் புரியும். தாத்தா பெயரில் என்றைக்கோ ஒரு தொகை போட்டு, அவர் நட்சத்திரத்தன்று அபிஷேகம் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தத் தொகையின் வட்டி இன்றைக்கு மாலைக்கே போதாது. குருக்களைக் கோபித்துப் பயனில்லை. தாத்தா ரூபாயை எழுதினார், உழக்கை எழுதவில்லை. புதிதாகக் கட்டளை வைக்கப் போகிறவர்களே, வட்டியில் ஒரு பகுதி முதலோடு சேர வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி போடுங்கள். நன்கொடை வாங்குகிற அன்பர்களே, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிப் போடவையுங்கள்.

இந்த வரியை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு புதுக் கட்டளையும் நம்மவர்கள் கையால் நடந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை! இலக்கு 60 லட்சம் டாலர். அமெரிக்காவாழ் தமிழ் மருத்துவர்கள் இருவர் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைக்க, தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தர, உலகம் முழுக்கச் சின்னதும் பெரியதுமாகச் சேர்ந்து 2018-இல் இலக்கு நிறைந்தது. முதல் அப்படியே இருக்கும். அதன் வருவாயில் ஒரு பங்குதான் பேராசிரியருக்கு. மந்தையை மேய்ப்பது பாஸ்டனில் இருக்கும் ஹார்வர்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி. இடையர்கள் கோட்டு சூட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். புணை நிற்கும் மச்சான் யார் என்று மட்டும் அங்கே எந்தச் சுவரிலும் எழுதவில்லை.