சார்னோகைட்டும் உருமாறிய பாறைகளின் வகைப்பாடும்

பாறைகள் உருகாமல், திடநிலையிலேயே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கனிமங்களிலும் இழையமைப்பிலும் மாற்றமடைவது உருமாற்றம் எனப்படும். இவ்வாறு தோன்றியவற்றை அடுக்குத்தளம் உடையவை (பலகைக்கல், சிஸ்ட், நீஸ்), அற்றவை (சலவைக்கல், குவார்ட்சைட்) எனப் பகுப்பது மரபு. தோற்றம் சார்ந்த இப்பகுப்பின் எல்லையைச் சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் காணப்படும் சார்னோகைட் உணர்த்துகிறது.

கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதிக்கப்பட்ட கல் இவ்வகையினது. அதையொட்டித் தாமஸ் ஹாலந்து 1893இல் இப்பெயரை இட்டார். கிரானைட்டை ஒத்த இதனை அவர் தீப்பாறையாகவே கருதினார்.

ஆயினும் கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் நீஸ் பாறையினூடே சார்னோகைட் திட்டுகள் காணப்படுகின்றன. அத்திட்டுகளில் நீஸின் அடுக்குத்தளம் மங்கி மறைகிறது. நீர்க்கூறு கொண்ட ஹார்ன்பிளண்ட், பயோடைட் ஆகியன குறைந்து, நீரற்ற ஹைப்பர்ஸ்தீன் தோன்றுகிறது. ஏறத்தாழ 700 பாகை செல்சியஸ் வெப்பமும் நீர் குறைந்த சூழலும் அமைந்தபோது நீஸே சார்னோகைட்டாக உருமாறியுள்ளது என்பதற்கு இது சான்றாகும்.

எனவே அடுக்குத்தளத்தின் இன்மை மட்டும் கொண்டு இதன் பிறப்பைத் துணிதல் இயலாது. பாறைக்குழம்பு இறுகியும் சார்னோகைட் தோன்றக்கூடும் ஆதலின், கனிமக்கூட்டு சுட்டும் வெப்ப, அழுத்த நிலைகளையும் களத்தில் அண்டைப் பாறைகளோடு அது கொண்டுள்ள தொடர்பையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.