நைட் ஷிப்ட் முடிந்தும் தூக்கம் ஏன் நிலைப்பதில்லை?

ஏனாத்தூர், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்து ஊர்களிலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர். இரவு வேலை முடித்துக் காலையில் வந்து படுத்தால், உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருக்கும். ஆனாலும் பதினோரு மணிக்குள் விழிப்பு வந்துவிடும். "ராத்திரி பூரா முழிச்சவனுக்குத் தூக்கம் வராதா? எல்லாம் போன் பண்ற வேலை" என்பார்கள் வீட்டில். போனும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம். தமிழ்நாட்டில் அதை ஆராய்வதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார்.

மதுரையில் ஜன்னல் இல்லாத அறை

அவர் எம்.கே. சந்திரசேகரன் (1937–2009). ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் எர்வின் பியூனிங் என்ற மேதையிடம் பயின்றவர். கூட்டுப்புழுவிலிருந்து பழ ஈ வெளிவரும் நேரத்தை ஒரு சிறு ஒளிக்கீற்று எப்படி முன்னும் பின்னும் தள்ளுகிறது என்று அங்கே ஆராய்ந்தார். பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தையியல் துறையை உருவாக்கினார். 1979இல் பட்நாகர் விருது பெற்றார்.

மதுரைக்கு அருகிலுள்ள குகையொன்றில் அவரும் மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோரும் செய்த வௌவால் ஆய்வை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. வெளிச்சமே எட்டாத இருட்டில் கூண்டில் அடைத்த வௌவால்கள், சுற்றியிருந்த மற்ற வௌவால்கள் மாலையில் கிளம்புவதையும் விடியலில் திரும்புவதையும் வைத்தே நாளைச் சரியாகக் கணித்தன. தனியே விடப்பட்டவற்றின் கடிகாரமும் நிற்கவில்லை. ஆனால் 24 மணி நேரத்திலிருந்து மெல்ல விலகியது.

அடுத்து மனிதர்கள். கடிகாரம், வானொலி, செய்தித்தாள், வெயில் எதுவும் இல்லாத அறையில் தன்னார்வலர்கள் நாள்கணக்கில் தங்கினார்கள். பசித்தால் சாப்பாடு, தூக்கம் வந்தால் விளக்கை அணைப்பது. அப்போதும் தூக்கமும் விழிப்பும் ஒரு தாளத்தில்தான் வந்தன. அந்த நாள் 24 மணி நேரத்தைத் தாண்டி நீண்டது. விளக்கை அவரவரே போட்டு அணைத்ததும் அப்படி நீளக் காரணம் என்று பின்னாளில் தெரிந்தது. 1999இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மங்கலான ஒளியில் அளந்தபோது, சராசரியாக 24 மணி நேரத்துக்குச் சற்றே அதிகம் என்று வந்தது.

காலை வெயில் செய்யும் வேலை

கண்ணில் படும் ஒளி மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புத் தொகுதிக்குப் போகிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும், உடல்வெப்பம் இறங்கும். விடியற்காலை நாலு, ஐந்து மணிவாக்கில் வெப்பம் மிகக் குறைவு. பிறகு ஏறத் தொடங்கும். ஏறும் வெப்பத்தோடு படுக்கிறவருக்குத் தூக்கம் நீடிக்காது. பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் வீட்டுக்கு நடக்கும்போது 'விடிந்துவிட்டது' என்ற சேதியும் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. பகலில் தூங்க முடியாதவரைச் சோம்பேறி என்றோ போன் பைத்தியம் என்றோ திட்டுவது பெரிய அநியாயம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போடலாம். ஜன்னலுக்குக் கனமான துணி வேண்டும். ஷீட் வீடென்றால் பகலில் கொதிக்கும். இருப்பதில் குளிர்ச்சியான அறையை இரவு வேலைக்குப் போகிறவருக்கு ஒதுக்குங்கள். டீ, காபியின் கஃபீனில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அதனால் ஷிப்ட்டின் பின்பாதியில் அவை வேண்டாம். வேலைக்குக் கிளம்புமுன் ஒரு குட்டித் தூக்கம் போடுவது நல்லது. விடிகாலையில் பைக் ஓட்டி வருவதைக் கூடியவரை தவிருங்கள், கண் சொருகுவது நமக்கே தெரியாது.

கம்பெனிகளும் செய்ய வேண்டியது உண்டு. உள்கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால், நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது உடம்புக்கு எளிது. காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்ட் மாற்றினால் தாங்கும்; தலைகீழாக மாற்றினால் திணறும்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

ஷிப்ட் மாறி லீவில் இருக்கும்போதும் பல வாரம் தூக்கம் வராவிட்டால், தூக்க மாத்திரையை நீங்களே வாங்கிப் போடாதீர்கள். பலத்த குறட்டையும், நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதும், பகலெல்லாம் சொக்குவதும் இருந்தால், அது ஷிப்ட் கோளாறு மட்டுமல்ல, தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்கலாம். நெஞ்சக நோய் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். குறட்டையையும் மூச்சுத் திணறலையும் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் பார்த்திருப்பார், அவரையும் கூட அழைத்துப் போவது நல்லது.