நெடுந்தூர ஓட்டமும் கடல் கடந்த துணையும்

1908 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டரே 1921 முதல் மராத்தானுக்குரிய தூரமாக நிலைத்தது. அதற்குப் பல மாதப் பயிற்சி தேவை. ஊக்கமூட்டும் துணை அயல்நாட்டிலிருக்க, தில்லிக் குளிரில் போர்வையை விலக்குவது எளிதன்று. "மன உறுதி வேண்டும்" என்பார்கள். நானோ கடிகாரத்தையே பெரிதும் நம்புகிறேன்.

என் கணவர் பணிபுரியும் சிங்கப்பூரின் நேரம் நம்முடையதற்கு இரண்டரை மணி முந்தியது. இங்கே காலை 5 மணி, அங்கே 7.30. அவர் வேலைக்குப் புறப்படும்போதே நானும் பல்கலைக்கழகத் திடலுக்குப் புறப்பட்டுவிடுவேன். (புகைமூட்டம் மிகுந்த நாட்களில் விடுதி அறையிலேயே உடற்பயிற்சி, தில்லிக் காற்றிடம் வீரம் காட்டலாகாது.)

400 மீட்டர் தடத்தில் 16 கிலோமீட்டர் என்றால் 40 சுற்று! இத்தகைய நீண்ட ஓட்டம் மெதுவாகவே இருக்கவேண்டும். வேகம் கூடினால் தசைகளில் சேர்ந்துள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் விரைவில் தீரும். மெதுவாக ஓடினால் கொழுப்பும் பெரும்பங்கு எரிந்து கைகொடுக்கும். வேகம் அளவோடிருந்தால் மூச்சிரைக்காமல் முழு வாக்கியம் பேசலாம். தனியே ஓடுபவள் யாரிடம் பேசுவாள்?

பத்துச் சுற்றுக்கு ஒருமுறை, ஓடியபடியே கைப்பேசியில் அவருக்குக் குரற்செய்தி பதிவு செய்கிறேன். விடுதிச் சாம்பார், நெறியாளரின் சினம், வீட்டுக் கடிதம், எல்லாம் அதில் வரும். வாக்கியம் நடுவில் அறுந்தால் வேகத்தைத் தணிப்பேன். மாலையில் கேட்டுவிட்டு, "மூன்றாவது செய்தியில் மூச்சு வாங்குகிறதே, ஏன் அவசரம்?" என்பார். கூட ஓடும் தோழிகூட இவ்வளவு கவனிப்பாளா என்பது ஐயமே.