தவிலின் புதிய கட்டு

கோயில் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் நாகசுரத்தோடு சேர்ந்து முழங்கும் கருவி தவில். பலாமரத் துண்டைக் குடைந்து அதன் உடலைச் செய்வர். இருபுறமும் வளையங்களில் தோலைப் பொருத்துவர்.

முற்காலத்தில் இவ்வளையங்களைத் தோல் வாரால் இழுத்துக் கட்டினர். வாரை இறுக்கிச் சுருதி கூட்டுவதற்கு நேரமும் உடல் வலிமையும் தேவைப்பட்டன. ஈரக்காற்று பட்டால் தோல் தளர்ந்து, சுருதியும் இறங்கிவிடும்.

பின்னர், வாருக்குப் பதிலாக உலோக வளையங்களும் திருகாணிகளும் வந்தன. திருகாணிகளைத் திருகினாலே போதும். தோல் விரைவாக இறுகிவிடும். சுருதியை முன்பைவிட உயர்த்தவும் முடிகிறது.

எனினும், உலோகம் சேர்ந்ததால் தவிலின் எடை கூடிவிட்டது. ஊர்வலத்தில் அதைத் தோளில் தொங்கவிட்டு நடந்தபடியே வாசிக்கும் கலைஞர் அச்சுமையையும் தாங்க வேண்டியுள்ளது.

கட்டும் முறை மாறினாலும், ஓசைக்கு அடிப்படையான பலாக்கட்டையும் தோலும் இன்றும் தொடர்கின்றன.