குதிரைக்கு வயிற்றுவலி: மருத்துவர் வரும்வரை என்ன செய்வது?

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம், உள்ளே போனதை மேலே வர விடாது. அத்தனை பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தீவனம் புளித்து வாயு சேர்ந்தாலோ குடல் அடைத்துக்கொண்டாலோ, வெளியேற வழியின்றி இரைப்பை வெடித்துவிடக்கூடும். மடிந்து மடிந்து கிடக்கும் பெருங்குடல் திருப்பங்களில் குறுகும். அங்கே அடைப்பு விழும், சில சமயம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய குடலில் ரத்த ஓட்டம் நின்றால், காப்பாற்றச் சில மணி நேரமே இருக்கும். குதிரையின் வயிற்றுவலியை ‘விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடவே கூடாது.

எப்படித் தெரியும்?

தீவனத்தைத் தொடாமல் நிற்கும். முன்காலால் தரையைப் பறிக்கும். விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கும். மேலுதட்டைச் சுருட்டும். படுக்கும், எழும், மறுபடி படுத்துப் புரளும். காரணமில்லாமல் வியர்க்கும். லத்தி குறையும் அல்லது நின்றுவிடும். புரண்டுகொண்டிருந்த குதிரை திடீரென்று அடங்கி, சோர்ந்து நின்றால் வலி தீர்ந்தது என்று நினைக்காதீர்கள்; குடலோ இரைப்பையோ கிழிந்துவிட்டதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

முதலில் எதைப் பார்ப்பது?

நாடித்துடிப்பு: தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் நாடி தட்டுப்படும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. 60ஐத் தாண்டினால் நிலைமை மோசம்.

மூச்சு: நிமிடத்துக்கு 8 முதல் 16.

உடல் வெப்பம்: 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்.

ஈறு: ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறியோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால் ஆபத்து.

குடல் ஓசை: இரண்டு விலாப்பக்கமும் காதை வைத்துக் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குதிரை உதைத்துப் புரளும் நிலையில் இருந்தால் இவற்றுக்காக அருகே போகாதீர்கள். உடனே போன் செய்யுங்கள்.

போனில் என்ன சொல்வது?

வலி எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது லத்தி போட்டது, என்ன தின்றது, தீவனம் மாற்றினீர்களா, சினையா, ஏற்கெனவே ஏதாவது மருந்து கொடுத்தீர்களா? இவற்றோடு எண்ணிப் பார்த்த அளவுகளையும் சொன்னால், எவ்வளவு அவசரம் என்பதை மருத்துவர் அங்கிருந்தே கணித்துவிடுவார். தமிழ்நாட்டில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். அதோடு, குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரின் எண்ணும் கையில் இருக்கட்டும்.

அவர் வரும்வரை

தீவனம், புல், கொள்ளு எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். அமைதியாக நின்றாலோ படுத்திருந்தாலோ தொந்தரவு செய்யாதீர்கள். புரள முயன்றால் மட்டும் மெதுவாகச் சிறிது நேரம் நடத்துங்கள்; மணிக்கணக்கில் நடத்திக் களைப்பாக்க வேண்டாம். அடங்காமல் புரண்டால் விலகி நில்லுங்கள். ஒரு குதிரைக்காக மனிதர் உதைபடக் கூடாது.

மூங்கில் குழாயாலோ பாட்டிலாலோ எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வலி ஊசியும் போடாதீர்கள். வலி மறையும், முறுக்கு அப்படியே இருக்கும். மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்தித் தேங்கியதை வெளியே எடுப்பார். தேவைப்பட்டால் அதே குழாயில் மருந்தும் தருவார். முறுக்கு என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. அதற்குக் குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

வராமல் தடுக்க

எந்நேரமும் சுத்தமான தண்ணீர், நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல், குறைந்த அளவில் தானியம். புதுத் தீவனத்தை ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். குடற்புழு மருந்தையும் பல் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். மெரினா போன்ற கடற்கரையில் தரையில் தீவனத்தைக் கொட்டினால் மணலும் வயிற்றுக்குள் போய்க் குடலில் படியும், தொட்டியில் போடுங்கள்.

குதிரை நலமாக இருக்கும்போதே அதன் நாடி, மூச்சு, வெப்பத்தைப் பார்த்து, மருத்துவர் எண்ணோடு லாயச் சுவரில் எழுதி வையுங்கள். உங்கள் குதிரையின் இயல்பு தெரிந்திருந்தால்தான், அது தவறும்போது ஒரு மணி நேரம் முன்னதாக உதவியைக் கூப்பிட முடியும். பிழைக்கும் குதிரைகள் பலவும் அந்த ஒரு மணி நேரத்தால்தான் பிழைக்கின்றன.